வரும்படியும் வாழிடமும்

1865-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள், உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில், ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாக அமெரிக்க நாட்டின் தலைமைப் பதவியை ஏற்றுப் பேசினார். போரின் பாரத்தைத் தாங்கியவனையும், அவன் விட்டுச்சென்ற கைம்பெண்ணையும், தந்தையற்ற மகவையும் பேணுதல் நாட்டின் கடமை என்பது அவ்வுரையின் முடிந்த கருத்து. வீரனுடைய வரும்படி எவ்வளவு என்றோ, அவன் எந்த ஜில்லாவிற் குடியிருக்கிறான் என்றோ அங்கு வினா எழவில்லை. இன்றோ அந்நாட்டின் முன்னாட் போர்வீரர் பலர் சர்க்கார் ஆஸ்பத்திரியின் வாயிலை அணுகும்போது இவ்விரு வினாக்களுக்கும் விடையளித்தே உட்புக வேண்டியிருக்கிறது.

சேவையினால் ஊனமுற்றோரை இங்குக் குறிப்பிடவில்லை. ஊனம் நூற்றுக்கு ஐம்பதும் அதற்கு மேலும் என்று மதிக்கப்பட்டவர் ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை. அது நியாயமே. நமது விசாரணையெல்லாம், படையிற் பணிபுரிந்து, காயமின்றி மீண்டு, முதுமையிலோ நடுவயதிலோ நோய்வாய்ப்பட்ட ஏனையோரைப் பற்றியது. முற்காலத்தில், செலவைத் தாங்கும் சக்தி தமக்கில்லை என்று ஒப்பமிட்டுத் தருவதே இவர்களுக்கு வழியாயிருந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லை நம்பாது, வரும்படியை அளந்தறியும் பரிசோதனையை ஏற்படுத்திற்று. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வீரர் அனைவரையும் வகுப்புக்களாகப் பிரித்து வரிசையில் நிறுத்திற்று. ஊனமுற்றோர் முதல் வரிசைகளில் நிற்பர். வரும்படி குறைந்தோர் ஐந்தாம் வகுப்பினர். அந்தத் தேசிய வரம்புக்கு மேற்பட்ட வரும்படியுடையோர் கடைசியில் நின்று, வைத்தியச் செலவில் ஒரு பங்கைத் தாமே செலுத்தவேண்டும்.

வாழிடத்தின் கணக்கு 2002-இல் புகுந்தது. நாடு முழுமைக்கும் ஒரே வரம்பு வைத்தல் தகாது. பட்டணத்து வாடகை வேறு, நாட்டுப்புறத்து வாடகை வேறு என்று கருதி, வீட்டுவசதி இலாகா ஜில்லாதோறும் நிர்ணயிக்கும் குறை வரும்படி எல்லையைப் போர்வீரர் இலாகாவும் மேற்கொண்டது. அவ்வட்டாரத்து நடுத்தர வரும்படியில் நூற்றுக்கு எண்பது பங்கு என்பது அதன் அடிப்படை. வாடகை மிக்க ஊர்களில் அது இன்னும் உயரும். தேசிய வரம்பைத் தாண்டினும் வட்டார வரம்புக்கு உட்பட்டவர் ஏழாம் வகுப்பினர். ஆஸ்பத்திரியிற் படுத்துச் சிகிச்சை பெறும்போது எட்டாம் வகுப்பினர் கொடுப்பதில் ஐந்திலொரு பங்கே இவர் கொடுப்பர். இரண்டு வரம்பையும் தாண்டியவர் எட்டாம் வகுப்பினர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2018-இல் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் அவ்வட்டார எல்லை 117,400 டாலர். மிஸிஸிப்பி இராஜ்யத்தின் டெல்ட்டா நிலத்துச் சிற்றூர் ஜில்லாக்களில் அதிற் பாதியுமில்லை. ஆண்டுக்கு 70,000 டாலர் பெறும் இரு வீரரைக் கற்பனை செய்து கொள்வோம். இருவரும் ஒரே பாசறையில், ஒரே காலத்தில், போரில்லாத நாளில் காவல் புரிந்து மீண்டவர். ஒருவர் அந்தப் பட்டணத்தில் ஏழாம் வகுப்பினர். மற்றவர் டெல்ட்டாவில் எட்டாம் வகுப்பினர். பின்னவர்க்குப் பங்குத்தொகை மிகுதி என்பது மட்டுமன்று. 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் எட்டாம் வகுப்பினரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுதல் நிறுத்தப்பட்டது. 2009-இல், வரம்புக்கு மேல் நூற்றுக்குப் பத்து வரை மிகுந்தோர்க்குக் கதவு சிறிது திறந்தது. நம் டெல்ட்டா வீரர் அந்தச் சலுகையையும் கடந்து நிற்பவர். ஆகவே அவர் வாயிலுக்கு வெளியே நிற்பவர்.

இதில் அநீதி யாது, டெல்ட்டாவில் வாடகை குறைவன்றோ என்று கேட்கலாம். குறைவுதான், அதை மறுப்பார் யார்? எழுபதினாயிரம் டாலர் கொண்டு அங்கே ஒருவன் நல்ல வீட்டில் வாழலாம். ஆனால் மருந்தின் விலையும் அறுவைச் சிகிச்சையின் கட்டணமும் வாடகையைப் பின்பற்றி இறங்குவன அல்ல. நிற்க, ஸான் பிரான்ஸிஸ்கோ வீரர்க்கு இலாகாவின் பெரிய ஆஸ்பத்திரி அந்நகரத்துக்குள்ளேயே, கடலை நோக்கிய மேட்டில் இருக்கிறது. நகரப் பேருந்தில் ஏறிப் போகலாம். டெல்ட்டாவின் கிரீன்வில் நகரத்தாருக்குச் சிறு வைத்திய விடுதி ஒன்று ஊரிலுண்டு. பெரிய ஆஸ்பத்திரியோ ஜாக்ஸன் நகரில், நூறு மைலுக்கு அப்பால். வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி தூரமான இடம். அமெரிக்க முன்னாள் வீரரில் ஏறக்குறைய நாலிலொருவர் நாட்டுப்புறத்தினர் என்பதை நினைத்தால் இது சிலருடைய குறையன்று. தொலைவூர் வைத்தியத்திற்குச் சென்று வந்தோர் யாவரும் அறிவர்: வைத்தியனுக்குக் கொடுத்ததினும், வழிக்குக் கொடுத்ததும் கூலியிழந்ததுமே பெரிது. சட்டம் இடத்தை அளக்கும்போது வாடகையை மட்டும் அளக்கிறது, வழியை அளக்கவில்லை.

வழிச்செலவு தருகிறார்களே என்பர். 2008-இல் மைலுக்கு 41.5 சதம் என்று வைத்தார்கள். ஆயின் அது பெரும்பாலும் நூற்றுக்கு முப்பதும் அதற்கு மேலும் ஊனமுற்றோர்க்கும், மிகக் குறைந்த வரும்படியுடையோர்க்குமே உரியது.

2018-ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் மேலானது. முதல்நிலை வைத்தியத்திற்கு முப்பது நிமிஷமும், தனித்துறை வைத்தியத்திற்கு அறுபது நிமிஷமும் வண்டியோட்டிச் செல்ல வேண்டியிருப்பின், அருகிலுள்ள தனியார் வைத்தியரிடம் இலாகாவின் செலவில் செல்லலாம் என்று 2019-இல் விதி வகுத்தார்கள். இதனை மனமாரப் பாராட்டலாம். ஆனால் இச்சலுகை பதிவு பெற்றவர்க்கே. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்குத் தூரம் அளந்து பார்ப்பாரில்லை. நச்சுப்புகைக்கு ஆளானோரைப் பற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2024 மார்ச்சு முதல் வியத்நாம், வளைகுடா, ஈராக், ஆப்கானிஸ்தானம் முதலிய போர்களிற் சேவித்தோர் வரும்படி பாராது பதிவு பெறலாயினர். அதனால் வெளியே நின்ற கூட்டம் வெகுவாகக் குறைந்தது. நம் டெல்ட்டா வீரரைப் போல, போர்க்களமும் நச்சும் காணாது அமைதிக் காலத்திற் பணிபுரிந்தவரே இன்னும் எஞ்சுகின்றனர். எங்கு அனுப்புவார்கள் என்று அறியாமலேதான் அவர்களும் படையிற் கையெழுத்திட்டார்கள்.

நிதி அளவுடையது, ஊனமுற்றோரே முதலிற் பேணப்பட வேண்டும் என்னும் வாதத்தை நாம் ஒப்புகிறோம். வரிசை வேண்டாம் என்பதன்று நமது கட்சி. வரிசையில் இடம் குறிக்கும்போது இடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தல் தகாது என்பதே. பதிவு பெற்ற வீரன் ஒவ்வொருவன் வீட்டிலிருந்தும் வைத்தியசாலைக்கு எத்தனை நிமிஷம் என்று இலாகா 2019 முதல் கணித்து வருகிறது. அந்தக் கணக்கையே வாயிலிலும் பயன்படுத்தி, அறுபது நிமிஷத்துக்கு அப்பாற்பட்ட ஜில்லாக்களில் வட்டார வரம்பை ஓரளவு உயர்த்தலாம். புதிய உத்தியோகஸ்தரும் புதிய அளவுகோலும் இதற்கு வேண்டா. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாடகைக்குச் செய்த திருத்தத்தைத் தூரத்திற்கும் செய்தாற் போதும்.