வெள்ளிக்காசு எங்கே இருக்கிறது?

ரிங்கிட்டை நாம் இன்னும் ‘வெள்ளி’ என்கிறோம். ஆனால் வங்கிச் சில்லறைப் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளிக்காசு தேடுவது வீண், மாணவர்களே. அமெரிக்காவின் 10, 25 சென்ட் காசுகளில் 1964 வரை வெள்ளி இருந்ததால் அங்கே தேடுகிறார்கள். நம் சென் காசுகள் 1967இல் வந்தபோதே அவற்றில் வெள்ளி கிடையாது.

தெலுக் இந்தான் பக்கத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமாரின் டப்பாவைக் கேளுங்கள். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த மலாயாவின் 5, 10, 20 காசுகளில் 1945 வரை வெள்ளி உண்டு. 1948 முதல் அதே தலைதான், உலோகம் தாமிர-நிக்கல். ஆண்டைப் பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆண்டு தேய்ந்திருந்தால்? இரண்டு தசமம் காட்டும் மின்தராசில் நீர்க்குவளையை வைத்துச் சுழியாக்குங்கள். நூலில் கட்டிய காசை அடி தொடாமல் அமிழ்த்துங்கள். காசின் எடையை, தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 9க்கு அருகே வந்தால் தாமிர-நிக்கல்; 9.6க்கு மேல் என்றால் வெள்ளி. புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள்.