முழுசாக் கொண்டு போகணும்

போன மாதம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். உறுப்பு தானம் செய்வதாக இணையத்தில் பதிவு செய்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறையும் போட்டு வைத்திருக்கிறார். எல்லோரும் கை கொடுத்தோம்.

"வீட்டில சொல்லீட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க. அவளுக்குத் தெரிஞ்சா சாமி ஆடிருவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் சொல்லாத அந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை. நான் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிவத்தின் மதிப்பும் தெரியும், கையெழுத்தின் மதிப்பும் தெரியும். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் கீழ் 2014-இல் வந்த விதிகளில், நாம் உயிரோடிருக்கும்போது தருகிற உறுதிமொழி படிவம் 7. நமக்கு மூளைச்சாவு நேர்ந்த பிறகு நெருங்கிய உறவினர் தருகிற சம்மதம் படிவம் 8. நடைமுறையில் கோப்பு நகர்வது எட்டால்தான். குடும்பம் மறுத்தால், ஏழு வெறும் காகிதம்.

சரி, குடும்பத்தில் மறுப்பது யார்? பெற்ற தாயா, கட்டியவளா? அவர்கள் அந்த நேரத்தில் பேசும் நிலையிலேயே இருப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்வது பெரியப்பா, அப்புச்சி, மாமா. அதாவது நாம். வெள்ளை வேட்டி கட்டிய, நாலு பேர் மதிக்கிற, எழுபது வயதுக்காரர்கள். ஊரைச் சொல்லவில்லை, என்னைத்தான் முதலில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தவன், இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது பல்லடம் ரோட்டில் விழுந்தான். ஹெல்மெட் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது, தலையில் இல்லை. கோவையில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் மருத்துவர் எங்களை உட்கார வைத்து, மூளைச்சாவு என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, உறுப்பு தானம் பற்றி யோசிக்க முடியுமா என்று கேட்டார்.

மைத்துனர் என்னைப் பார்த்தார். "மாமா, நீங்க படிச்சவங்க. ஆபீசுல இருந்தவங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லீருங்க."

நான் சொன்னேன்: "புள்ளைய கூறு போட வேண்டாமுங்க. முழுசாக் கொண்டு போகணும்."

அவ்வளவுதான். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் இதயமும் நின்றது.

அப்புறம் என்ன நடந்தது? விபத்து மரணம், போலீஸ் வழக்கு. சட்டப்படி பிரேதப் பரிசோதனை. நான் கூறு போட வேண்டாம் என்று காப்பாற்றிய உடம்பு பிணவறையில் கூறு போடப்பட்டு, தைத்துக் கட்டி எங்களிடம் வந்தது. அதை மறுநாள் எரித்தோம். முழுசாகக் கொண்டு போனோம் என்பது பொய். உரிய அனுமதி பெற்று, உறுப்புகளை எடுப்பதையும் பரிசோதனையையும் சேர்த்தே செய்ய வழி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, திதி அன்று, மைத்துனர் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, அன்னிக்குக் குடுத்திருந்தா, அவன் நெஞ்சு எங்கியாச்சும் துடிச்சுட்டு இருந்திருக்குமில்லீங்களா?" என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதே கேள்விக்கு வேறு பதில் சொன்ன பெற்றோர் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். வயது 15. தாய் தந்தை இருவரும் மருத்துவர்கள். தாங்களாகவே முன்வந்து கொடுத்தார்கள். போலீசார் சாலையை ஒழித்துக் கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயம் 11 நிமிடத்தில் போனது. பெற்றுக்கொண்டது ஒரு 9 வயதுச் சிறுமி. 'சென்னையில் ஒரு நாள்' படத்துக்கு மூலக்கதை இந்தச் சம்பவம்தான். படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். கண்ணைத் துடைப்பது சுலபம்.

இனி, நம் வயதுக்காரர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

"இதயம் துடிக்குது, உடம்பு சூடா இருக்குது, எப்படிச் செத்தவன்னு சொல்றது?" நானும் இதையேதான் நினைத்தேன். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. மூளைத்தண்டு செத்தபின் மீண்டவர் கிடையாது. சுவாசத்தை நடத்துவது இயந்திரம். அது தரும் காற்றில் இதயம் சில காலம் ஓடும், பிறகு நிற்கும். இந்த நிலையை 1959-இலேயே பாரிஸில் மொல்லாரே, கூலோன் என்ற இரு மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கோமா தெபாஸே'. பிரெஞ்சில் படித்தவன் ஆகையால் அதன் பொருள் எனக்குப் பளிச்சென்று புரிகிறது: கோமாவையும் கடந்து போய்விட்ட நிலை. அக்கரைக்குப் போயாகிவிட்டது என்று அர்த்தம்.

"உறுப்புக்காக டாக்டருங்களே முடிச்சு உட்டுருவாங்க." சட்டம் இந்தப் பயத்தை முன்பே யோசித்திருக்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சான்று தர வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பை எடுத்து வைக்கும் அறுவை மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. குடும்பம் ஒப்புக்கொண்ட பிறகு உறுப்பைக் காக்க ஆகும் செலவையும் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது.

"அடுத்த பிறவியில அந்த உறுப்பு இல்லாமப் பொறப்பான்." கண்ணப்ப நாயனார் உயிரோடிருக்கும்போதே தன் கண்ணைப் பெயர்த்து அப்பினார். அவரைக் கோயிலில் நிற்க வைத்துக் கும்பிடுகிறோம். அவர் குருடராய்ப் பிறந்தார் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. சாம்பலாகப் போகும் கண்ணைக் கொடுத்தவனுக்கு மட்டும் தண்டனையா?

"ஏழை குடுப்பான், பணக்காரன் வாங்குவான்." இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். தனியார் மருத்துவமனையில் மாற்று அறுவைக்கு லட்சக்கணக்கில் ஆகும். ஆனால் அரசு மருத்துவமனைகளிலும் மாற்று அறுவை நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் வழி இருக்கிறது. இறந்தவரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்க அரசின் ஆணையமும் காத்திருப்போர் பட்டியலும் உள்ளன. இன்னும் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்காகக் கொடுக்காமல் இருந்தால் பணக்காரனுக்கு நட்டமா? அவன் உயிரோடிருக்கும் ஏழையிடம் வாங்குவான். 2025-இல் பள்ளிபாளையம் பக்கம் வெடித்த விவகாரத்தைப் படித்திருப்பீர்கள். கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளிகளின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலை பேசினார்கள். விசைத்தறி நம் ஊரிலும் ஓடுகிறது, கடனும் இருக்கிறது. நாம் சுடுகாட்டில் எரிக்கிற ஒவ்வொரு நல்ல சிறுநீரகமும் அந்தத் தரகனுக்குத்தான் லாபம்.

2024-இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்கள் 268 பேர். நாட்டிலேயே நாம்தான் முன்னணி என்று பெருமைப்படுகிறோம். கணக்குப் போட்டால் பத்து லட்சம் மக்களுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஸ்பெயினில் அது ஐம்பதை ஒட்டி இருக்கிறது. நம் சாலைகளில் விழும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்த முன்னணிப் பெருமை எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 செப்டம்பர் முதல், உறுப்பு தந்தவர்களுக்கு இறுதிச் சடங்கில் அரசு மரியாதை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகாரி வந்து மாலை வைப்பதற்கு முன்னால், ஐசியூ வாசலில் ஒரு பெரியவர் "குடுத்தரலாம்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் நாம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

"எங்களை மாதிரிக் கிழவனுங்க உறுப்பு யாருக்கு ஆகும்?" என்று ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. எழுபதைத் தாண்டியவர்களின் கல்லீரல்கூடப் பயன்பட்டதுண்டு. எது ஆகும், எது ஆகாது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் இயற்கையாக இறந்தாலும் கண் தரலாம். வயது வரம்பு இல்லை. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர், எல்லோரும் தரலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணை வைத்துத் தலையை உயர்த்திவிட்டால் போதும். வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். முகம் விகாரமாகாது. ஒப்பாரி வைக்க வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

ஆகவே நண்பர்களே, அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது டிவியை நிறுத்திவிட்டு, மனைவி, மகன், மருமகள் எல்லோரிடமும் சத்தமாகச் சொல்லுங்கள். திட்டுவார்கள். "வாயில நல்ல வார்த்தையே வராதா" என்பார்கள். அடுத்த வாரமும் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: குடும்பத்தில் யாருக்கு அந்த நேரம் வந்தாலும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நான் சொல்லிவிட்டேன். படிவம் 7-க்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். முதல் சாட்சிக் கையெழுத்து என் மனைவி போட்டாள். இரண்டாவது யார் என்று யோசித்து, படிவத்தை எடுத்துக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனேன். மைத்துனர் மனைவி அதை முழுக்கப் படித்தாள். ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கி, மகன் போட்டோவுக்குக் கீழே இருந்த மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.