யாருடைய நடை, எங்கே போவதற்கு?

பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆன ஓர் அக்காவை நடை ஆய்வகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால் மேல் குறிப்பான்களை ஒட்டினால்தான் கேமராக்கள் அசைவைப் படிக்கும். அதற்காகப் புடவையை மாற்றி அரைக்கால் சட்டை போடச் சொன்னோம். நாற்பது வருடமாகப் புடவையிலேயே நடந்தவர், கூச்சத்தில் கால்களை ஒட்டி ஒட்டி வைத்தார். காலடி நீளம் குறைவு என்று அறிக்கை வந்தது. அதில் பக்கவாதம் எவ்வளவு, வெட்கம் எவ்வளவு என்று எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லவில்லை.

நான் இயன்முறை மருத்துவர். இந்த அறிவியலை நம்புகிறவள். அதனால்தான் அதனோடு சண்டை போடுகிறேன்.

நடக்கும்போது மூட்டில் விழும் சுமையைக் கணக்கிட, தொடையும் கெண்டைக்காலும் பாதமும் உடல் எடையில் எத்தனை பங்கு என்று கணினிக்குத் தெரிய வேண்டும். அந்தப் பங்குகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்க விமானப்படைக்காக டெம்ப்ஸ்டர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுச் சடலங்கள் அறுத்து எடைபோடப்பட்டன. எட்டும் ஆண்கள். டேவிட் வின்டரின் பாடநூல் வழியாக அந்த எண்கள் எங்கள் வகுப்பறைகளுக்கு வந்தன. பிறகு ஸட்சியோர்ஸ்கியும் செலுயானோவும் உயிருள்ளவர்களின் அளவுகளை வெளியிட்டார்கள்: 100 ஆண்கள், 15 பெண்கள்.

“வித்தியாசம் கொஞ்சம்தானே, நடையின் கணக்கு பெரிதாக மாறாதே” என்பார்கள் சக ஆய்வாளர்கள். இருக்கட்டும். என் வழக்கு தசமப் புள்ளியோடு அல்ல. ஆண்களை மட்டும் அடுக்கிவைத்து ‘மனித உடல்’ என்று பெயரிட்டபோது ஒருவருக்கும் உறுத்தவில்லையே, அதோடுதான்.

பெண்ணை மறுவாழ்வுத் துறை அடியோடு மறந்துவிடவும் இல்லை. முதியவர்கள் தனித்து வாழ முடியுமா என்று பார்க்க லாட்டனும் பிராடியும் 1969-இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். தொலைபேசி, கடை, பயணம், மருந்து, பணம் உள்பட எட்டு வேலைகள். பெண்களுக்கு எட்டுக்கும் மதிப்பெண். ஆண்களுக்கு ஐந்துக்கு மட்டும். அவர்களுக்கு விடப்பட்ட மூன்று: சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைத்தல். உடலை அளந்தபோது காணாமல் போனவள், அடுப்பை அளக்கும்போது ஆஜராகிவிட்டாள்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஆண் நோயாளியோடு மனைவி வருகிறார், பயிற்சிகளைக் கற்றுக்கொள்கிறார், வீட்டில் தினமும் செய்ய வைக்கிறார். இந்த அக்காவோடு வந்த கணவர் கேட்ட ஒரே கேள்வி, “எப்பம்மா சமைக்க ஆரம்பிப்பா?” சிகிச்சை இலக்கு என்ற கட்டத்தில் நானும் எழுதினேன்: ‘அடுப்படியில் அரைமணி நேரம் நிற்பது.’ அவரிடம் கேட்காமலே எழுதினேன். என் கையெழுத்துத்தான் அது.

ஒருநாள் அவரே கேட்டார்: “டவுன் பஸ்ஸுல ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வர முடியுமா, டாக்டரம்மா?” 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் படி உயரம். ஒரு கை கம்பியைப் பிடிக்காது. ஓட்டுநர் காத்திருக்க மாட்டார். ஆய்வகத்தின் வழவழப்பான தரையில் எடுத்த நடைவேகம் இவற்றில் எதற்கும் பதில் சொல்லாது.

எழுதியதை அடித்துவிட்டு ‘பஸ் ஏறுவது’ என்று எழுதினேன். அந்த உயரத்துக்கு மரப்படி வைத்து, புடவையிலேயே பழகினோம்.

என் துறையினரிடம் கேட்கிறேன். புடவையில் அளக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதையும், குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதையும் அளவுக்குள் கொண்டுவாருங்கள். ஆண்களிடமும் சமைக்க முடிகிறதா, துவைக்க முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நடக்க வைக்கப்போகும் பெண்ணிடம் எங்கே போகணும் என்று கேளுங்கள். பதிலைக் கணவரிடம் வாங்காதீர்கள்.