காந்தப் படமும் கால தாமதமும்

திருவள்ளூர் ஜில்லாவின் வைத்தியக் கல்லூரி 2022ம் வருஷம் ஜனவரி 12ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. நாம் மகிழ்ந்தோம். ஆயினும் கும்மிடிப்பூண்டி இரும்பாலைத் தொழிலாளர் ரயிலில் தம் ஜில்லாத் தலைநகருக்குப் போக விரும்பினால், முதலில் சென்னைக்கு வந்து வேறு பாதையில் வண்டி ஏறவேண்டும். வைத்தியத்துக்குப் போகும் நாள் அவருக்குக் கூலியில்லாத நாள். ஆகவே ஆஸ்பத்திரி யந்திரம் எத்தனை நிமிஷத்தில் வேலையை முடிக்கிறது என்பது சாமானிய விஷயமன்று.

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியும் நோயொன்று உண்டு. புகையிலையாலும் நீரிழிவாலும் காலின் தமனிகள் அடைபடுவதால் வருவது. முற்றினால் காலையே இழக்க நேரும். அடைப்பு எங்கே என்று ஸி.டி. ஸ்கான் விரைவில் காட்டும். ஆனால் அதற்கு அயோடின் மருந்தைச் செலுத்தவேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களிடம் டாக்டர்கள் அதற்குத் தயங்குகிறார்கள். எம்.ஆர்.ஐ. என்னும் காந்த யந்திரத்திலோ, மருந்தேயின்றி, ஓடும் ரத்தத்தைக் கொண்டே படமெடுக்கும் முறைகளும் உள. அவற்றின் குறை தாமதம்.

இக்குறைக்குப் பரிகாரம் பிறந்து வெகு காலமாயிற்று. பல சுருள்கள் ஒருங்கே சைகையை வாங்குவதால் அளவுகளைக் குறைத்துக்கொள்ளும் முறையை ஸூரிச் நகர விஞ்ஞானிகள் 1999ல் வெளியிட்டனர். சில அளவுகளை மட்டும் எடுத்து, எஞ்சியதைக் கணிதத்தால் மீட்கலாமென்று 2007ல் அமெரிக்காவில் லஸ்டிக் முதலியோர் காட்டினர். தமனிப் படத்துக்கு இது மிகப் பொருந்தும். இருண்ட பரப்பில் சில வெண்கோடுகளே அங்கே உள்ளவை.

விரைவு இலவசமாகக் கிடைப்பதன்று. நேரத்தைக் கால் பங்காக்கினால், இரைச்சலுக்கு எதிரே சைகையின் வலிமை பாதியாகும், அதனினும் குறையலாம். யந்திரம் ஊகித்து நிரப்பிய இடத்தில் இல்லாத அடைப்புத் தோன்றலாம், உள்ளது மறையலாம். அவசரமாகச் சொல்லப்பட்ட சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையின்றி ஏற்கும் நீதிபதி உண்டோ? படத்தைப் படிக்கும் டாக்டருக்கும் அந்த விழிப்பு வேண்டும்.

குறைக்கவே கூடாத நிமிஷங்களும் உண்டு. இரும்பைச் சாணை பிடிக்கும் தொழிலாளியின் கண்ணில் சிறு துணுக்குத் தங்கியிருந்தால், காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறிக்கக்கூடும். அவரை முன்னதாக விசாரிப்பதும், சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே எடுப்பதும் கட்டாயம். கும்மிடிப்பூண்டியை விட இது எங்கே அதிகம் பொருந்தும்?

ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் கருவியும் வாங்க 1994ல் மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. விரைவு முறைகளைக் கம்பெனிகள் பெரும்பாலும் தனி விலை வைத்தே விற்கின்றன. மலிவென்று வெறும் யந்திரத்தை வாங்கிவிட்டால் ஒவ்வொரு நோயாளியும் காத்திருந்து அந்தச் சிக்கனத்துக்கு ஈடு செய்கிறார். ஆகையால் விரைவு முறைகளையும், அவற்றைக் கையாள்வோர்க்குப் பயிற்சியையும் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டுமென்று கேட்கிறோம். நம் நாட்டிலேயே செய்த 1.5 டெஸ்லா யந்திரமொன்று டில்லி எய்ம்ஸில் சோதிக்கப்படுமென 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. சுதேசிப் பொருளென்று அதற்குச் சலுகை வேண்டாம். இதே நிபந்தனைகள் அதற்கும் இருக்கட்டும்.

தகவல் அறியும் சட்டம் 2005 முதல் அமுலில் இருக்கிறது. ஜில்லாத் தொண்டர்கள் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, இந்த ஷரத்துக்கள் உள்ளனவா என்று பார்ப்பார்களாக.