‘பாதுகாப்புப் பகுதி’ என்னும் சொல்லுக்கு என்ன பொருள்?

போஸ்னியப் போரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இலக்கிய நண்பர்கள் சிலர் டேட்டன் ஒப்பந்தத்தை இராஜதந்திரத்தின் வெற்றி என்று முன்வைக்கிறார்கள். 1992 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ ஓர் இலட்சம் உயிர்களைக் கொண்ட போர், 1995 நவம்பரில் அமெரிக்க விமானப்படைத் தளமொன்றில் மூன்று வாரம் நடந்த பேச்சில் முடிந்தது. ஆகவே பொறுமையும் நடுநிலையும் இறுதியில் வெல்லும் என்பது அவர்களது வாதம். போர் நின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளை மறைத்து முடிவை மட்டும் கொண்டாடுவதையே மறுக்கிறோம். சொல்லே நமது துறை என்பதால், அவர்கள் எழுதிய சொற்களையாவது நாம் ஊன்றிப் படித்திருக்க வேண்டும்.

1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 819ஆம் தீர்மானம், முற்றுகைக்குள் இருந்த ஸ்ரெப்ரெனிட்சாவை எல்லாத் தரப்பினரும் ‘பாதுகாப்புப் பகுதி’யாகக் கருத வேண்டும் எனக் கோரியது. யார் காப்பது, எதைக்கொண்டு காப்பது என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. மே மாதம் சரயேவோ உள்ளிட்ட மேலும் ஐந்து ஊர்களுக்கு அதே சொல் வழங்கப்பட்டது. இவற்றைக் காக்கக் கூடுதலாக 34,000 வீரர்கள் தேவை என மதிப்பிடப்பட்டபோது, பாதுகாப்பு அவை ஏற்றது 7,600 பேரை. ஸ்ரெப்ரெனிட்சாவில் நகரைக் காத்து நின்றவர்களின் ஆயுதங்கள் கேட்கப்பட்டன. சுற்றி நின்ற பீரங்கிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 1995 ஜூலை 11 அன்று, நெதர்லாந்து வீரர்கள் சில நூறு பேர் காவலிருந்த அந்நகர் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் கொல்லப்பட்ட ஆண்களும் சிறுவர்களும் 8,000 பேருக்கு மேல்.

முற்றுகையிட்டவனையும் முற்றுகைக்குள் பசித்துக் கிடந்தவனையும் ‘தரப்பினர்’ என்ற ஒரே எழுவாயில் அடக்கிய மொழி இது. சமாதானம் பேசுகிறவர் இப்படித்தான் பேசியாக வேண்டுமா? நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தபோது கோவூர் கிழார் பேசியதைப் புறநானூறு காட்டுகிறது. பாலின்றி அழும் குழந்தைகளை அவன் கண்முன் நிறுத்தி, கதவைத் திற அல்லது வெளிவந்து போரிடு, அடைத்துக் கிடப்பது நாணத்தக்கது என்கிறார் அவர். இரு சோழருக்கும் பொதுவானவர்தாம். கண்டதை மன்னனின் முகத்துக்கு நேரே சொல்ல அது தடையாகவில்லை.

கூர்மையாகப் பேசினால் பேச்சு முறிந்துவிடும் என்பார்கள். டேட்டனுக்கு வழி திறந்தது மென்மொழி அன்று. 1995 ஆகஸ்ட் 30 முதல் நேட்டோ விமானங்கள் குண்டு வீசின. தரையிலும் போரின் போக்கு மாறியது. அதன் பிறகே ஹோல்புரூக்கின் மேசை முன் மூன்று அதிபர்களும் அமர்ந்தார்கள். வரைபடம் 51க்கு 49 என்று பிரிக்கப்பட்டபோது, ஸ்ரெப்ரெனிட்சா செர்பியக் குடியரசின் பங்கிலேயே விடப்பட்டது. 1999 நவம்பரில் கோஃபி அன்னானின் அறிக்கை ஐ.நா.வின் தவறுகளை ஒப்புக்கொண்டது. இறந்தோர்க்கு அதனால் ஆவதென்ன?

இது நமக்குத் தொலைவான கதையும் அன்று. 2009 ஜனவரியில் வன்னியில் இலங்கை அரசு அறிவித்த ‘பாதுகாப்பு வலயம்’ எவ்வாறு முடிந்தது என்பதைத் தமிழர் அறிவர். ஐ.நா. தன் தோல்வியை ஒப்புக்கொண்ட உள்ளக அறிக்கை அங்கும் பின்னால் வந்தது, 2012 நவம்பரில்.

எனவே டேட்டனைப் புகழும் நண்பர்கள், அந்த ஒப்பந்தத்துடன் 819ஆம் தீர்மானத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். இனி எந்தப் போரிலேனும் ‘பாதுகாப்பு’ என்ற சொல் அறிவிக்கப்பட்டால், காவல் நிற்பவர் எத்தனை பேர், அவர் கையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே கேட்கட்டும். அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.