"இது என் பொறுப்பு!"



வானில் உயர எழும்பிய ஒரு பந்து தரைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஐந்து விநாடி; மிஞ்சினால் ஆறு விநாடி. அந்தச் சிறு பொழுதுக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் பல்லாண்டுக் கனவு கைக்கெட்டும் தூரத்தில் வந்து, கைநழுவியும் போனதுண்டு. அந்த ஒரு பந்தைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விழைகிறோம். "குடும்பப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியா?" என்று கேட்போர் சற்றே பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம். மூவர் ஓடிவந்தும் அந்தப் பந்து ஒருவர் கையிலும் சேராமல் விழுந்தது. அதுபோன்றதொரு வீழ்ச்சி நம் இல்லங்களிலும் நிகழ்வதுண்டு அல்லவா?

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது ஒமாகா நகரம். அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் பேஸ்பால் பந்தயங்களின் இறுதிக் கட்டம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கேதான் நடைபெறுகிறது. 'காலேஜ் வேர்ல்டு சீரிஸ்' என்பது அதன் பெயர். 1947ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இப்போட்டி தொடங்கியது. 1950 முதல் ஒமாகாவே அதன் நிலையான இல்லம். கொள்ளைநோய்க் காலமான 2020இல் மட்டும் போட்டி நடைபெறவில்லை.

பேஸ்பால் நம் மக்களுக்குப் பழக்கமான கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவுடைய ஆட்டமே. அணிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்து வீச, எதிரணியார் உருண்டையான கட்டையால் அதை அடித்து, மூன்று தளங்களைச் சுற்றியோடி மீண்டும் தொடக்கத் தளத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்ததும் மற்ற அணியின் முறை வரும். இவ்வாறு ஒன்பது சுற்றுகள். அடித்த பந்து தரையில் படுமுன் பிடிபட்டால் அடித்தவர் ஆட்டமிழந்தவராவார். பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே பறந்தாலும் அவ்வாறே; ஆனால் அது பிடிபடாமல் வெளியே விழுந்துவிட்டால், அடித்தவர் மீண்டும் நின்று ஆடலாம். இந்த விதியைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

இப்போட்டியின் வரலாற்றில் கத்தோலிக்கக் கல்வி நிலையங்களுக்கும் இடமுண்டு. இயேசு சபையினரின் திருச்சிலுவைக் கல்லூரி, மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் உள்ளது. 1952இல் இக்கல்லூரி இறுதி ஆட்டத்தில் மிசூரி அணியை 8-4 என்று வென்று வாகை சூடியது. அதன் பயிற்சியாளர் ஜாக் பாரி அக்கல்லூரியிலேயே பயின்று, புகழ்பெற்ற ஆட்டக்காரராகத் திகழ்ந்து, பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மாணவர்களைப் பயிற்றுவித்தவர். ஒமாகாவிலேயே உள்ள இயேசு சபையினரின் கிரைட்டன் பல்கலைக்கழகம் போட்டியை ஏற்று நடத்தும் பணியில் பல்லாண்டுகள் பங்குகொண்டதோடு, 1991இல் சொந்த நகர மக்களின் முன்னிலையில் களமிறங்கியும் ஆடியது.

வென்றவர்களை மட்டுமே இவ்வரலாறு நினைவில் வைத்திருக்கவில்லை. 1947, 1948 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் யேல் பல்கலைக்கழக அணி இறுதிவரை வந்து தோற்றுப் போயிற்று. இரண்டு முறையும் அவ்வணியின் முதல் தளத்தில் நின்று ஆடிய இளைஞரின் பெயர் ஜார்ஜ் புஷ். 1948இல் அணித் தலைவரும் அவரே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்த தேர்தலில் வென்று நாட்டின் 41ஆம் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றவர் அவர்தாம். களத்தில் தோற்றவன் வாழ்விலும் தோற்றவனாகவே இருக்க வேண்டும் என்பதில்லையே!

ஒமாகாவின் போட்டி முறையிலேயே ஓர் இரக்கம் இருப்பதைக் காண்கிறோம். பிப்ரவரியில் தொடங்கும் பருவத்தின் முடிவில் 64 அணிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இரண்டு கட்டங்களில் அவை எட்டாகக் குறைந்து ஒமாகாவை அடைகின்றன. அங்கே நான்கு நான்காக இரண்டு பிரிவுகள். இப்பிரிவு ஆட்டங்களில் ஒருமுறை தோற்ற அணி வெளியேற்றப்படுவதில்லை. இரண்டாம் முறை தோற்றால்தான் பயணம் முடியும். இரு பிரிவுகளிலும் முதலிடம் பெறுவோர் இறுதியில் மோதுவர். 2003 முதல் இவ்விறுதிப் போட்டி மூன்று ஆட்டங்களைக் கொண்டது. இரண்டில் வெல்பவரே வாகையர். ஆகவே இறுதியிலும் ஒரு தோல்வியைத் தாங்கிக்கொண்டு எழ இடமுண்டு.

ஒருமுறை வழுக்கி விழுந்தவனுக்குக் கதவை அடைக்காத ஒழுங்கு இது. எனினும் இரண்டாம் வாய்ப்பு இலவசமாகக் கிடைப்பதன்று. தோற்ற அணி கூடுதலாக ஆட வேண்டியிருக்கும். பந்து வீசுவோரின் தோள்கள் சோர்ந்திருக்கும். ஒவ்வோர் ஆட்டமும் வாழ்வா சாவா என்னும் ஆட்டமாகிவிடும். 1998இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் முதல் ஆட்டத்தில் தோற்றது. ஆயினும் எழுந்து நின்று, தன் 12ஆவது வாகையைச் சூடியது. 2008இல் பிரெஸ்னோ நகர அணி, அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்களில் தோற்ற அணி, இறுதியின் முதல் ஆட்டத்தையும் பறிகொடுத்த பின்னர் அடுத்த இரண்டையும் வென்று நாட்டை வியப்பில் ஆழ்த்தியது. கட்டைவிரல் தசைநார் கிழிந்த நிலையில் ஆடிய ஸ்டீவ் டெட்வைலர் என்னும் மாணவர், கடைசி ஆட்டத்தில் தம் அணி பெற்ற ஆறு ஓட்டங்களுக்கும் காரணராக விளங்கினார்.

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பந்துக்கு வருவோம்.

2018, ஜூன் 27. இறுதியில் ஆர்கன்சா பல்கலைக்கழகமும் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகமும் மோதின. முதல் ஆட்டத்தை ஆர்கன்சா வென்றிருந்தது. இரண்டாம் ஆட்டத்திலும் ஒன்பதாம் சுற்றில் 3-2 என்று அவர்களே முன்னணியில் நின்றனர். ஒரேகான் அணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் ஆர்கன்சாவின் முதல் வாகை உறுதி. அவ்வேளையில் ஒரேகானின் கேடின் கிரெனியர் அடித்த பந்து வலப்புறத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே உயர எழும்பியது. பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது! முதல் தளத்தவர் ஓடினார். இரண்டாம் தளத்தவர் ஓடினார். வலப்புறக் காவலரும் ஓடிவந்தார். மூவரும் ஒரே இடத்தை நெருங்கினர். பந்து மூவரின் நடுவே தரையில் விழுந்தது.

அவர்களில் எவரும் சோம்பேறி அல்லர், திறமையற்றவரும் அல்லர். மூவருமே ஓடிவந்தவர்கள். இத்தகைய வேளைகளுக்கென்று அவ்வாட்டத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பந்தைப் பிடிக்கக்கூடியவர் "என்னுடையது!" என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் விலகி வழிவிட வேண்டும். அந்தக் குரல் தெளிவாக எழுந்து, மற்றவர் செவிகளில் விழுந்தாலன்றி, மூவர் இருப்பதும் ஒருவரும் இல்லாததும் ஒன்றுதான்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மீண்டும் நின்று ஆடிய கிரெனியர் அடித்த அடியில் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அடுத்து வந்த டிரெவர் லார்னக் பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டார். 5-3 என்று ஒரேகான் வென்றது. மறுநாள் முதலாண்டு மாணவரான கெவின் ஏபல் ஆட்டம் முழுவதும் தாமே பந்து வீசி, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல், 5-0 என்று வாகையைப் பெற்றுத் தந்தார். இந்த ஒரேகான் அணி அவ்வாண்டு ஒமாகாவில் தன் முதல் ஆட்டத்திலேயே வட கரோலினாவிடம் தோற்ற அணி என்பதை மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். அந்தப் பந்து விழுந்த கணத்திலும் ஆர்கன்சாவே முன்னணியில் இருந்தது. மறுநாள் முழு ஆட்டமும் மீதியிருந்தது. ஆகவே ஒரு பந்தின் மீதோ, மூன்று இளைஞர்கள் மீதோ முழுப்பழியையும் சுமத்துவது நீதியாகாது. நம் பிள்ளைகளின் ஒரு தவற்றை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்காட்டும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

இயேசு ஆண்டவர் கூறிய ஓர் உவமை நம் நினைவுக்கு வருகிறது. லூக்கா நற்செய்தியில் கனி கொடாத அத்திமரத்தைப் பற்றிப் படிக்கிறோம். மூன்று ஆண்டுகள் பார்த்து ஏமாந்த உரிமையாளர் அதை வெட்டிவிடச் சொல்லுகிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். பலமுறை கேட்ட உவமைதான். ஆயினும் அந்தத் தோட்டக்காரரின் விண்ணப்பத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? தவணையை மட்டும் கேட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. தாமே சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகப் பொறுப்பேற்கிறார். மண்வெட்டியைத் தம் கையில் எடுக்கிறார். அவர் அவ்வாறு முன்வந்திராவிட்டால் அந்த மரத்துக்கு இன்னோர் ஆண்டு ஏது? இரண்டாம் வாய்ப்பு என்பது விதியில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. "இது என் பொறுப்பு" என்று சொல்லும் ஒருவர் வேண்டும்.

அத்தகைய ஒருவர் அதே ஒமாகா நகரில் வாழ்ந்தார். அருட்தந்தை எட்வர்டு பிளானகன் அயர்லாந்தில் 1886இல் பிறந்தவர். குருவாக விரும்பிய அவர் உடல்நலக் குறைவால் நியூயார்க்கில் குருமடப் படிப்பை விட நேர்ந்தது. பின்னர் உரோமை நகரிலும் அவ்வாறே நேர்ந்தது. இருமுறை தோற்றவர்! ஒமாகாப் போட்டியின் விதிப்படி பார்த்தால் அவர் பயணம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். இறைவனின் கணக்கு வேறாக இருந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் படிப்பை முடித்து, 1912இல் குருப்பட்டம் பெற்றார்.

ஒமாகாவின் தெருக்களில் அந்நாளில் ஆதரவற்ற சிறுவர் பலர் திரிந்தனர். பெற்றோர் இல்லை, அல்லது இருந்தும் இல்லை. காவல்துறை அவர்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும். நீதிமன்றம் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பும். அங்கிருந்து மீண்டும் தெரு. பலர் நடுவே விழுந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். தந்தை பிளானகன் 1917 டிசம்பரில் 90 டாலர் கடன் வாங்கி, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐந்து சிறுவர்களை ஏற்றுக்கொண்டார். இனமும் சமயமும் பாராமல் எல்லாரையும் சேர்த்தார். 1921இல் நகருக்கு மேற்கே ஒரு பண்ணைக்கு இல்லம் இடம்பெயர்ந்தது. அதுவே 'பாய்ஸ் டவுன்' என்று உலகம் அறிந்த சிறுவர் நகராக வளர்ந்தது. 1948இல் பெர்லின் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணி 2012இல் ஒமாகா உயர் மறைமாவட்டத்தில் தொடங்கப்பெற்றது.

அன்பர்களே, நம் இல்லங்களுக்குத் திரும்புவோம்.

படிப்பில் பின்தங்கிய மகனைப் பற்றித் தந்தை, "அவன் அம்மா பார்த்துக்கொள்வாள்" என்கிறார். தாய், "பள்ளியில் கவனிப்பார்கள்" என்கிறார். ஆசிரியர், "வீட்டில் சொல்லித் திருத்தட்டும்" என்கிறார். மூவரும் அன்புடையவர்களே; மூவரும் கவலைப்படுகிறவர்களே. பிள்ளை மட்டும் நடுவே விழுந்துகொண்டிருக்கிறான். மூன்று மக்களைப் பெற்ற முதிய தாயின் நிலையும் சில வீடுகளில் இதுவே. மூத்தவன் பார்ப்பான் என்று இளையவனும், மகள் வீட்டில் இருக்கட்டும் என்று மகன்களும் எண்ணியிருக்க, அந்தத் தாய் தனி அறையில் மருந்துச் சீட்டோடு காத்திருக்கிறாள். பங்கிலே மூன்று மாதமாகத் திருப்பலிக்கு வராத குடும்பத்தைப் பற்றி நாம் எல்லாரும் பேசிக்கொள்கிறோம். பங்குத் தந்தை போவார், அன்பியத்தார் போவார், அடுத்த வீட்டார் போவார் என்று நினைத்துக்கொண்டு, ஒருவரும் போய்க் கதவைத் தட்டுவதில்லை.

இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யலாம். மாலைச் செபம் முடிந்தபின் ஐந்து நிமிடம் சேர்ந்து அமருங்கள். நம் வீட்டில், நம் உறவில், நம் தெருவில் இப்போது விழுந்துகொண்டிருப்பவர் யார் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லுங்கள். பின்னர் ஒருவர், ஒரே ஒருவர், மற்றவர் செவிகளில் விழும்படி, "இது என் பொறுப்பு" என்று சொல்லட்டும். மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டுத் துணைநிற்கட்டும்.

பேதுரு மும்முறை மறுதலித்தார். ஒமாகாவின் விதி இரண்டாவது தோல்வியோடு நின்றுவிடுகிறது. ஆண்டவரின் இரக்கம் மூன்றாவதையும் தாண்டிச் சென்று, ஏரிக்கரையில் தீ மூட்டி, உணவு சமைத்து, அவரைத் தேடி நின்றது. அந்த இரக்கத்தை மீண்டும் மீண்டும் பெற்று வாழ்கிறவர்கள் நாம். நம் நடுவே விழுகின்ற ஒருவரையேனும் கைநீட்டித் தாங்க அவரே நமக்கு அருள்புரிவாராக.