பாலத்தைக் கடந்தால் போதுமா?

பாளையங்கோட்டைக்குப் போய்வந்த நம் சமுதாயத்து அன்பர் ஒருவரிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மகனைக் கல்லூரியில் சேர்த்ததைச் சொல்வார்; மருத்துவமனையில் உறவினரைக் கண்டதைச் சொல்வார். ஊரைப் பார்த்ததாகச் சொல்லமாட்டார். ஏன் என்றால், "அது வெள்ளைக்காரன் கட்டிய ஊர். நமக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்பார். இந்தச் சொல்லை மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

ஒரு விடுமுறை நாளின் காலையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து புறப்படுங்கள். வழிகாட்டி வேண்டாம், கண்ணும் காலும் போதும். முதலில் தாமிரபரணிப் பாலம். 11 கண்கள் கொண்ட இது 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இரு கரையாருக்கும் ஓடமே கதி. ஆண்டது கம்பெனி, ஆனால் பாலத்திற்குத் தம் கைப்பொருளை ஈந்தவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார். வெள்ளைக்காரன் கட்டிய ஊர் என்னும் பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

கொக்கிரகுளம் கடந்து பாளையங்கோட்டைக்குள் நுழைந்தால், பழைய கோட்டையின் எச்சமாக ஒரு வாயில் நிற்கிறது. மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்பது மக்கள் வழங்கும் பெயர். அந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான் 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரை தப்பினார். 1785இல் எழுந்த குளோரிந்தா தேவாலயமும் இவ்வூரில்தான் இருக்கிறது. அதனை எழுப்பியவரும் சீமைத் துரையல்லர். தஞ்சையிலிருந்து வந்த ஒரு விதவைப் பெண்.

இவற்றில் நமக்கு என்ன பங்கு? பங்கு உண்டு. ஆனால் அது முழுவதும் பெருமையன்று. 1755இல் கர்னல் ஹெரானின் கம்பெனிப் படை இச்சீமைக்குள் புகுந்தபோது, உடன் வந்தவர் ஆற்காட்டு நவாபு முகம்மது அலியின் அண்ணன் மஹ்பூஸ்கான். பாளையக்காரர்களிடம் வரி வாங்குவதற்காக வந்த படை அது. 1801இல் அதே நவாபுக் குடும்பம் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. இடையில் கான்சாகிபு யூசுப்கான், கம்பெனிக்காகப் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டார். மதுரையையும் நெல்லையையும் ஆண்டார். பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கில் மாண்டார்.

நம் மேடைகளில் யூசுப்கானின் முடிவு மட்டும் முழங்குகிறது. அவருடைய தொடக்கத்தைச் சொல்வாரில்லை. மஹ்பூஸ்கானின் பெயரை எடுப்பாரே இல்லை. இது வரலாறன்று, திருமண வீட்டு வாழ்த்துரை. வாயிலைத் திறந்துவிட்டவரும் நம்மவர், வாயிலை அடைக்க முயன்று மாண்டவரும் நம்மவர் என்று பிள்ளைகளிடம் சொல்லும் துணிவு நமக்கு வேண்டாமா? பாதியை மறைத்துச் சொன்ன பெருமையை, மறுபாதி தெரிந்த அன்று பிள்ளைகளே எள்ளி நகையாடுவார்கள்.

பாதிரியார் கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தார். வந்தவர் இச்சீமையின் வரலாற்றை 1881இல் நூலாக்கினார். மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகம் எதுவென்றும் அவரே ஆராய்ந்தார். காயலின் வாரிசுகள் நாம். ஆராய்ந்தவர் அயர்லாந்தில் பிறந்தவர். குறை அவரிடமா, நம்மிடமா?

பூமியில் நடந்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு தெளியுமாறு திருமறை நம்மைப் பலமுறை ஏவுகிறது. அவ்வாறு பெறும் படிப்பினைக்கு அரபியில் 'இப்ரத்' என்று பெயர். கடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் தமிழ்க் கரைக்கு அரபியர் இட்ட 'மஅபர்' என்னும் பெயரும் அதே வேரினது. கண்டதிலிருந்து கருத்துக்குக் கடந்து செல்வதே இப்ரத். கடக்காதவன் பாலத்தின் மீது நாள்தோறும் நடந்தாலும் இக்கரையிலேயே நிற்கிறான்.

ஆகவே பெற்றோர்களே, நடத்திச் செல்லுங்கள். திரும்பும் வழியில் மேலப்பாளையத்துத் தறிக்காரர் தெருவையும் காட்டுங்கள். கோட்டையை ஆண்டவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. உழைத்து வரி கொடுத்தவர்களின் பெயரை நாம்தாம் சொல்லவேண்டும்.